கறுக்காத பட்டை

"வாயை வீட்டுலயே வெச்சுட்டுப் போ. இந்த வேலையாவது நிலைக்கட்டும்."

கணவன் சொன்னதில் தப்பில்லை. போன வேலையில் மேலதிகாரி செய்த பிழையை நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டாள். மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்புறம் இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு குடும்பம் பட்ட பாடு அவளுக்குத்தானே தெரியும்!

இப்போது இந்த ஆஸ்பத்திரி வேலை. நிரந்தரமாக இன்னும் கொஞ்ச நாள்தான் பாக்கி. ஆபரேஷன் முடிந்த கத்தரி, இடுக்கியெல்லாம் கீழ்த்தளத்துக்கு வரும். கழுவி, எண்ணித் தட்டில் அடுக்கி, துணியில் சுற்றி, மேலே ஒரு வெள்ளைப் பட்டை ஒட்டி, கிருமி சாக நீராவிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். நன்றாக வெந்து வந்தால் பட்டையில் கறுப்புக் கோடு விழும். கோடு விழாத கட்டு வாசலைத் தாண்டக் கூடாது.

அங்கே எல்லோரும் அவளைப் 'புதுசு' என்றுதான் கூப்பிட்டார்கள். பொறுப்பாளர், பெரியக்கா. நரைத்த தலை, அதிராத பேச்சு. டாக்டர்களே மரியாதையாக நின்று பேசுவார்கள்.

ஆனால் புதுசுக்கு அந்த மனுஷியைத்தான் புரியவில்லை. வந்த வாரமே, இடுக்கி ஒன்று குறைந்த தட்டை, "சுத்தும்மா" என்று நீட்டினாள் பெரியக்கா. இன்னொரு நாள் துருப்பிடித்த கத்தரியை நல்லதோடு சேர்த்து அடுக்கினாள். இவளுக்கா இவ்வளவு மரியாதை?

புதுசு உதட்டைக் கடித்துக்கொண்டாள். பெரியக்கா அந்தப் பக்கம் திரும்பியதும் குறைந்த இடுக்கியைத் தானே கொண்டுவந்து வைத்தாள். கத்தரியைச் சத்தமில்லாமல் மாற்றினாள்.

கூட இருப்பவர்கள் அதைவிடக் குழப்பினார்கள். தப்பு எல்லோர் கண்ணிலும் படுகிறது. ஒருத்தரும் மூச்சு விடுவதில்லை. இவளையே பார்க்கிறார்கள். பக்கத்து மேஜைக் கண்ணாடிக்காரி முழங்கையால் இடிக்கிறாள். தள்ளுவண்டிக்காரர் தொண்டையைச் செருமுகிறார். கம்மென்று இருக்கச் சொல்கிறார்கள் போலிருக்கிறது என்று புதுசு இன்னும் கெட்டியாக வாயை மூடிக்கொண்டாள்.

ஒருநாள் டீ குடிக்கும்போது மெல்லக் கேட்டாள்.

"ஏங்க்கா, பெரியக்காவுக்குக் கண்ணு ஏதாவது கோளாறா?"

"அவங்களுக்கா? ஊசி முனையில தூசி இருந்தாலும் பார்த்துடுவாங்க. ஏன் கேக்குற?" கண்ணாடிக்காரி ஆவலாக நாற்காலியை நெருக்கிப் போட்டாள்.

"சும்மாதான்."

"என்ன பார்த்தே? சொல்லேன்டி!"

"ஒண்ணுமில்லக்கா."

"சரியாப் போச்சு! உன்கிட்டேருந்து ஒரு வார்த்தையைப் பிடுங்குறதுக்குள்ள பல்லையே பிடுங்கிடலாம்."

இவள் ஏன் அலுத்துக்கொள்கிறாள்? அதுவும் புதுசுக்குப் புரியவில்லை.

அன்று மேலே இருந்து போன் வந்தது. பிரசவ கேஸ், குழந்தை குறுக்கே கிடக்கிறது, உடனே ஒரு கட்டு வேண்டும். பெரியக்கா ஓடிப்போய் ஒன்றை எடுத்து வண்டியில் வைத்தாள்.

"கிளம்புங்கண்ணே, சீக்கிரம்!"

புதுசு பார்த்தாள். பட்டை வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு கோடு இல்லை.

கண்ணாடிக்காரியைப் பார்த்தாள். அவளும் பார்த்துவிட்டாள். வழக்கம்போல முழங்கையால் ஒரு இடி, அவ்வளவுதான். வண்டிக்காரர் செருமியபடியே தள்ளினார். சக்கரங்கள் லிஃப்ட் பக்கம் உருண்டன.

வேலை போகும். வீட்டில் அவன் முகத்தில் எப்படி விழிப்பது? ஆனால் மேலே ஒருத்தி வலியில் துடித்துக்கொண்டு கிடக்கிறாளே!

"நிறுத்துங்க!"

அந்தக் குரல் தன்னுடையதா என்று அவளுக்கே சந்தேகம்.

"பட்டை கறுக்கல! அந்தக் கட்டு வேகவே இல்ல! பெரியக்கா, நீங்கதான் எடுத்து வெச்சீங்க, நான் பார்த்தேன்!"

பெரியக்கா ஓடிவந்து கட்டைத் தூக்கிப் பார்த்தாள். கறுப்புக் கோடு விழுந்த வேறு கட்டை வைத்து வண்டியை அனுப்பினாள்.

போச்சு, எல்லாம் போச்சு என்று புதுசு நின்றாள். பின்னாலிருந்து கைதட்டல் கேட்டது. கண்ணாடிக்காரி ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"அம்மாடி, ஒருவழியா வாயைத் திறந்தியே! குறைஞ்ச இடுக்கி, துருப்பிடிச்ச கத்தரி எல்லாம் அவங்க வேணும்னே வெச்சதுடி! புதுசா வர்ற எல்லாருக்கும் இங்க இப்படித்தான். பெரியவங்க தப்பையும் சத்தமாச் சொல்ற ஆளுதான் அவங்களுக்கு வேணும். நான் இடிச்சு இடிச்சு என் முழங்கையே தேஞ்சுபோச்சு, பேசுடி பேசுடின்னு!"

புதுசுக்குத் தலை சுற்றியது. சிரிப்பதா அழுவதா?

கண்ணாடிக்காரி பெரியக்காவின் பக்கம் திரும்பினாள். "ஆனாலும் இன்னைக்கு நீங்க செஞ்சது ரொம்ப ஓவர், பெரியக்கா. நல்ல கட்டை முன்னாடியே மேல அனுப்பியிருப்பீங்கன்னு நெனச்சுத்தான் நாங்க எல்லாரும் பேசாம இருந்தோம்."

பெரியக்கா சிரிக்கவில்லை. வெள்ளைப் பட்டைக் கட்டை நெஞ்சோடு அணைத்தபடி பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு நான் எதையும் வேணும்னு வைக்கலடி."