புளியமரத்து வளைவு

கொல்லிமலை அடிவாரத்துச் செம்மண் சாலையில் இரண்டு கார்கள் பந்தயம் ஓடுகின்றன. மிளகு மூட்டையை இறக்கிவைத்துவிட்டுச் சின்னுசாமி அண்ணன் என்னோடு பாறைமேல் நிற்கிறார். முன்னால் வருவது எங்கள் ஊர் டிரைவர் அப்துல் சலாம். பின்னால் அவன் முதலாளியின் மகன். கோப்பை தர வெள்ளைக்காரத் துரை கொடியருகே காத்திருக்கிறார். சலாம் வளைவில் வேகத்தைத் தணிப்பான், தாண்டியதும் காரைப் பாயவிடுவான். மொழிபெயர்ப்பு நாவல்களில் கிடைக்காத அந்தத் தாளத்தைத்தான் என் கதைகளில் பிடிக்கப் பார்க்கிறேன். புளியமரத்து வளைவில் சத்தம் தணிகிறது. "பாரு கண்ணு, இப்பப் பாய்வான்" என்கிறார் அண்ணன். சலாமுக்காகக் காலையில் அங்கே கல் பொறுக்கிப் பாதையைச் சுத்தம் செய்தவர் அவர். விரல்களில் இன்னும் செம்மண். வளைவு முடிந்தும் சத்தம் எழவில்லை. பின்னால் வந்த கார் முந்திப்போகிறது.

"வண்டிக்கு என்னமோ ஆயிப்போச்சாட்டம் இருக்குது, பாவம்" என்கிறார் அண்ணன்.

கொடியருகே சலாம் முதலாளி மகனுக்கு மாலை போடுகிறான், கைதட்டுகிறான். பிறகு காரைத் திருப்பிக்கொண்டு தனியாக வருகிறான். பாறையை நிமிர்ந்து பார்க்கவில்லை. அதே வளைவில் சத்தம் தணிகிறது. தாண்டியதும் கார் அழகாகப் பாய்கிறது. அண்ணன் புழுதி அடங்கும்வரை பார்க்கிறார்.

"வண்டி நல்லாத்தான் இருக்குது கண்ணு" என்று சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்குகிறார்.