பல்கனிக் குளிர்

“அக்கா, இந்தப் போத்திலை பிரீசரில வைக்கட்டே? கஞ்சா எண்ணெயை அல்ககோலில கரைச்சிருக்கு. குளிருக்கு மெழுகு அடியில படிஞ்சிடும். வடிச்சுப்போட்டுக் களவா வித்தால் நல்ல விலை” என்றான், கனடாவில், சரோஜினியின் ஸ்காபரோ அப்பார்ட்மெண்டில் அறை வாடகைக்கு இருந்த குகதாசன்.

சரோஜினி சிரித்தாள். “பிரீசர் முட்ட மீன், தம்பி. வெளியில மைனஸ் இருபது. உன்ர அறைப் பல்கனியில வை.”

மறுநாள் வந்த பொலிஸ் நேரே அந்தப் பல்கனிக்குத்தான் போனது. குகதாசனைப் போத்திலோடு கூட்டிக்கொண்டு போனார்கள்.

சரோஜினி பிரீசரைத் திறந்தாள். ஒரு மீன்கூட இல்லை.

போன் அடித்தது. சிறையிலிருந்து அவளுடைய கூடப்பிறந்த தம்பி. சரோஜினி அவனிடம் சொன்னாள்:

“உன்னைக் காட்டிக்குடுத்துப்போட்டுத் தப்பின குகதாசன் உன்னட்டத்தான் வாறான்ரா. நான் உன்ர அக்கா எண்டு அவனுக்கு இன்னும் தெரியாது. நீயே சொல்லு.”