டைமர் சொன்ன மணி

தேவசகாயம் வீட்டு வாசல் விளக்கைப் போட்டு அணைப்பது ஒரு டைமர் சுவிட்ச். சாயங்காலம் ஆறு மணிக்குப் போடும், காலை ஆறு மணிக்கு அணைக்கும். ஒரு நாள்கூடத் தவறியதில்லை என்பதில் அதற்கு ரொம்பப் பெருமை.

ஒருநாள் பராமரிப்பு வேலை என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் இல்லை. டைமரின் முள்ளும் அப்படியே நின்றுவிட்டது. கரண்ட் வந்ததும், நின்ற இடத்திலிருந்தே மறுபடி ஓடத் தொடங்கியது.

இருட்டியது. விளக்கடியில் பூச்சிக்காகக் காத்திருந்த பல்லி பொறுமை இழந்தது.

"அண்ணே, விளக்கைப் போடுங்க. பசி உயிர் போகுது."

"மணி காலை பத்துதான் ஆகுது. வெயில் கொளுத்துற நேரத்துல விளக்கா?" என்றது டைமர்.

"எங்கண்ணே வெயில்? தேவசகாயமே வாசல் கேட் பூட்டைத் தடவித் தேடிட்டு நிக்கிறார், பாருங்க."

"பாவம், அவருக்குக் கண் மங்கிப்போச்சு."

பல்லி பட்டினியாகப் படுத்தது.

மறுநாள் உச்சிவெயிலில் விளக்கு ஜோராக எரிந்துகொண்டிருந்தது. ஒரு பூச்சியும் எட்டிப் பார்க்கவில்லை.

"நேத்து அவ்வளவு அவசரப்பட்டியே, இப்போ நல்லா சாப்பிடு" என்றது டைமர்.

அப்போது தேவசகாயம் வந்தார். எரிகிற விளக்கைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, டைமரின் முள்ளைச் சரியான மணிக்குத் திருகி வைத்தார். விளக்கு அணைந்தது. அவர் உள்ளே போய்விட்டார்.

"பார்த்தியா?" என்று டைமர் பல்லியிடம் சொன்னது. "அவர் கடிகாரத்துல ஏதோ கோளாறு போல. என்னைப் பார்த்து மணி தெரிஞ்சுகிட்டு, என் கன்னத்தைத் திருகிக் கொஞ்சிட்டுப் போறார்."