ஒன்பதாம் பதிப்பு

"ரெண்டு புள்ளி நாலுக்கு அப்புறம் ஒன்பதா சார் வரும்? எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சீங்க?"

மேலாளர் போட்ட சத்தத்தில், கண்ணாடி அறைக்கு வெளியே இருந்த பன்னிரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்துவிட்டு, உடனே கணினிக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார்கள். உள்ளே நின்றுகொண்டிருந்தவர் பைப்லைன்காரர். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பிரிவுக்கு மட்டும்தான் தெரியும்.

கடைகளில் இருக்கும் எடை இயந்திரங்களுக்கு மென்பொருள் எழுதித் தரும் நிறுவனம் அது. முன்பெல்லாம் ஒவ்வொரு முறையும் பதிப்பு எண்ணை யாராவது கையால் மாற்ற வேண்டும். பாதி நாள் மறந்துவிடுவார்கள். பைப்லைன்காரர்தான் அதற்குப் பைப்லைன் என்று ஒரு தானியங்கி வழி செய்தார். நிரல் தயாரானதும் அதன் மேல் 2.4.1 என்று ஒரு டேக், அதாவது அடையாளச் சீட்டு, போட்டால் போதும். பைப்லைன் அந்த எண்ணைப் படித்து, மென்பொருளுக்கு அதையே வைத்து, நானூறு கடைகளுக்கும் தானாக அனுப்பிவிடும்.

உழைப்பு பைப்லைன்காரருடையது. அதற்கான பாராட்டுக் கேடயம் மேலாளரின் மேஜையில் இருந்தது. போன வாரம்கூட அவர் முதலாளியம்மாவிடம் போய், அவருடைய கணினியிலேயே எல்லாவற்றையும் திறந்து காட்டி, "குழந்தைகூடப் பண்ணலாம் மேடம்" என்று அளந்துவிட்டு வந்திருந்தார்.

நேற்று மாலை யாரோ 9.0 என்று டேக் போட்டுவிட்டார்கள். பைப்லைன் ரொம்ப அடக்கமான பிள்ளை. ஏன், எதற்கு என்றெல்லாம் கேட்காது. விடிவதற்குள் நானூறு எடை இயந்திரங்களும் ஒன்பதாம் பதிப்பாகிவிட்டன.

"காலையில அனுப்பின 2.4.2 ஒரு கடையிலயும் ஏறல. ஏன்?"

"மெஷின்ல ஒன்பது இருக்கு சார். ரெண்டுன்னதும் பழசுன்னு நெனச்சு வேணாம்னுடுது. அதையே 9.0.1னு அனுப்பினா ஏறிடும்."

"நடுவுல இருந்த ஆறு பதிப்பு எங்கன்னு கேட்டா? காக்கா தூக்கிட்டுப் போச்சுன்னு சொல்லவா?"

பைப்லைன்காரர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்தார்.

"சார், டேக் எந்தக் கம்ப்யூட்டர்லேர்ந்து போச்சுன்னு பதிவு எடுத்துட்டு வந்திருக்கேன். ஒரே நிமிஷம் பாத்தீங்கன்னா..."

"உள்ள வைங்க! தாளைப் பாத்துதான் நான் ஆளைக் கண்டுபிடிக்கணுமா? இருபது வருஷ அனுபவம் எதுக்கு இருக்கு? இந்தப் பைப்லைனைக் கட்டினது யாரு?"

"நான்தான் சார். ஆனா கேடயம் வாங்கும்போது..."

"எதிர்த்துப் பேசாதீங்க."

மேலாளர் மேஜை இழுப்பறையைத் திறந்தார். கடிதம் ஏற்கெனவே அச்சாகி இருந்தது. அப்படியொரு முன்யோசனை அவருக்கு வேலையில் என்றைக்கும் வந்ததில்லை.

'9.0 பதிப்பை வெளியிட்டது நான்தான். இதில் வேறு யாருக்கும் பங்கில்லை. முழுப் பொறுப்பையும் ஏற்று, இன்றே வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்.'

கீழே பெயருக்கும் கையெழுத்துக்கும் பெருந்தன்மையோடு இடம் விட்டிருந்தார்.

"பன்னெண்டு வருஷம் சார்," என்றார் பைப்லைன்காரர். "நாப்பத்தெட்டு வயசுல இனிமே எவன் கூப்பிட்டு வேலை குடுப்பான்? வீட்டுல போய் என்னன்னு சொல்லுவேன்?"

"அதெல்லாம் டேக் போடறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும். போடுங்க கையெழுத்தை."

பைப்லைன்காரர் செய்யாத தப்புக்குக் கையெழுத்துப் போடப் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

கதவு திறந்தது. முதலாளியம்மா நின்றார்.

"இந்த ஒன்பதை யாரு போட்டது?"

மேலாளரின் ஆள்காட்டி விரல் அந்த நொடியே பைப்லைன்காரரை நோக்கி நீளத் தொடங்கியது.

"காலையிலேர்ந்து மூணு கடைக்காரங்க போன் பண்ணிட்டாங்க," என்றார் முதலாளியம்மா. "போட்டிக் கம்பெனி இன்னும் ஏழுலயே இருக்காம். நாம ஒரேயடியா ஒன்பதுக்குப் போயிட்டோம்னு ஒரே பாராட்டு."

நீண்ட விரல் பாதி வழியிலேயே மடங்கி, மேலாளரின் நெஞ்சுக்குத் திரும்பியது.

"நான்தான் மேடம். மூணு மாசமா மனசுக்குள்ளயே வெச்சிருந்த திட்டம்."

"அப்ப இவரு?"

"இவருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல மேடம். சொன்னாலும் இவருக்குப் புரியாது."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நிச்சயமா நீங்கதானா?"

"என் கையால போட்டேன் மேடம்!"

பைப்லைன்காரர் மறுபடியும் தாளை எடுத்தார். மேலாளர் முறைத்த முறைப்பில் அது பைக்குள் திரும்பிப் போனது.

முதலாளியம்மா நாற்காலியில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டார்.

"அப்பாடா, இப்பதான் உயிரே வந்துது! குழந்தைகூடப் பண்ணலாம்னீங்களேன்னு, போன வாரம் என் ரூம்ல நீங்க தொறந்து வெச்சுட்டுப் போன இடத்துல, நேத்து சாயங்காலம் சும்மா ஒன்பதுன்னு போட்டு ஒரு தட்டு தட்டினேன். காலையில ஏதோ ஏறலைன்னாங்களா, எல்லாம் என்னாலதான்னு பயந்து மன்னிப்புக் கேக்க வந்தேன்."

மேலாளரின் முகத்தில் ஈயாடவில்லை. முதலாளியம்மா மேஜையில் கிடந்த கடிதத்தை எடுத்து நிதானமாகப் படித்தார். பிறகு பைப்லைன்காரரின் கையிலிருந்த பேனாவை வாங்கி மேலாளரிடம் நீட்டினார்.

"எல்லாத்தையும் நீங்களே எழுதி ரெடியா வெச்சிருக்கீங்க. கையெழுத்து மட்டுந்தான் பாக்கி."