தகரக் கூரையின் எதிரொலி

பிறந்த அன்றே ஒவ்வொரு பிள்ளையின் தோளிலும் வைத்துத் தைத்துவிடும் டிரான்ஸ்மிட்டர், ஓடிப்போகிறவர்களுக்குத்தான் எமன். இளவேனில் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு ஓடிய மறுநாளே, அவளுடைய தாய்மாமன் செங்கோடன் அரிவாளும் ஆட்களுமாகக் கிளம்பினான். அவளுடைய அப்பா பொன்னுரங்கத்தையும் இழுத்துக்கொண்டு போனான். ஒளித்துவைத்த டிரான்ஸ்மிட்டரைத் தேடிப்பிடிக்கும் போட்டிகளில் அவரை அடிக்க ஆளில்லை. இன்றைக்கு வாயே திறப்பதில்லை என்ற முடிவோடுதான் அவர் போனார்.

மூடிக்கிடந்த நூல்மில்லுக்கு வந்ததும் எல்லோருடைய போனும் தகரக் கூரை போட்ட குடோனையே காட்டியது.

"அங்கதான் இருக்கறா, வாங்கடா!" என்றான் செங்கோடன்.

பொன்னுரங்கம் கொண்டுவந்த ஆன்டெனாவை நெஞ்சோடு அணைத்து, சிக்னலின் திசை பார்க்க ஒரு சுற்றுச் சுற்றினார். போட்டியில் கத்துக்குட்டிகளைக் கண்டால் வரும் அதே இளக்காரச் சிரிப்பு வந்தது.

"அது தகரத்துல பட்டுத் திரும்பற சிக்னல், மாப்ள. நெசமான சிக்னல் கெணத்துப் பக்கமிருந்து வருது."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அதற்குள் ஆட்கள் ஓடிவிட்டார்கள்.

அவர் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது, கிணற்றடிப் பம்பு ரூம் வாசலில் மருமகன் ரத்தத்தில் கிடந்தான். இளவேனிலின் தலைமுடி செங்கோடன் கையில் இருந்தது. அவள் மாமனைப் பார்க்கவில்லை, அப்பாவைத்தான் பார்த்தாள்.

"தகரத்துக்கு எதுத்தாப்புல ஒளிஞ்சா உங்களத் தவிர எல்லாரும் ஏமாந்துருவாங்கன்னு தெரியும்," என்றாள். "நீங்க சொல்லமாட்டீங்கன்னு நம்பித்தானுங்கப்பா இங்க வந்தேன்."