ஒன்றாம் நம்பர் ஈரல்

மதுமதியின் ஈரல் தன் உள்ளங்கையில் வெதுவெதுப்பாவதை குணசீலன் ஆசை ஆசையாய் அனுபவித்தார். "நல்லா வேகட்டும். எம்மேலயே புகார் குடுக்கறியா?" என்று பல்லைக் கடித்தார்.

ஆட்டு ஈரல்தான். மேச்சேரி ஆட்டின் ஈரலைச் சர்க்கரைக் கரைசலில் அரைத்து, அதிலிருந்து செல்சவ்வை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். குணசீலனின் செய்முறைக்கு ஒரு டியூப். அவரிடம் படித்து, அவர் கல்லூரியிலேயே வேலைக்குச் சேர்ந்த மதுமதியின் செய்முறைக்கு ஒரு டியூப். யாருடைய சவ்வு சுத்தமாக வருகிறதோ அவருக்குப் புது ஆய்வகத்தின் பொறுப்பு.

போன வருஷம் அவள் எழுதிய கட்டுரையில் தன் பெயரை முதலில் போட்டுக்கொண்டார் குணசீலன். அவள் புகார் கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று காலை டீ வந்தபோதுகூடத் தட்டை அவர் பக்கம் நீட்டினாள். "எடுங்க சார். பெரியவங்க எடுக்காம நான் எப்படிங்க எடுப்பேன்?"

நடிப்புக்காரி என்று நினைத்துக்கொண்டே எடுத்துக்கொண்டார். கை நாறும் என்று அவர் கறியைத் தொடமாட்டார். அவருக்கான ஈரலையும் அவள்தான் அரைத்தாள்.

எது யாருடையது என்று கடைசியில்தான் சொல்ல வேண்டும் என்பது, தீர்ப்புச் சொல்லச் சென்னையிலிருந்து வரும் நிபுணர் போட்ட நிபந்தனை. அதனால் டியூப்களில் 1, 2 என்று மட்டும் எழுதி ஐஸில் வைத்துவிட்டு, அந்த நிபுணரை அழைத்துவர வாசலுக்குப் போயிருந்தாள் மதுமதி. ஒன்று யாருடையது என்பதில் குணசீலனுக்குச் சந்தேகமே இல்லை. எழுதுகிற கை தனக்குத்தானே முதலிடம் கொடுக்கும்!

ஐஸில் இருக்கும்வரைதான் சவ்வு பத்திரம். சூடு பட்டால் ஈரலின் சாறே அதைத் தின்றுவிடும். சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் குழாயில் சுடச்சுட வந்தது. ஒன்றாம் நம்பரை அதில் ஆசைதீரக் குளிப்பாட்டி, திரும்பவும் ஐஸில் செருகிவிட்டு, நல்ல பிள்ளையாய் உட்கார்ந்துகொண்டார்.

மாலையில், டியூப்களைச் சுழற்றிச் சவ்வைப் பிரிக்கும் இயந்திரம் நின்றது. இரண்டாம் டியூபில் வெண்ணெய்க் கோடு மாதிரி சவ்வு தனியாக மிதந்தது. ஒன்றில் வெறும் கலங்கல்.

குணசீலன் தொண்டையைச் செருமினார். "அந்த ஒண்ணைப் பாருங்க மேடம். இதெல்லாம் ஒரு வேலையா? இதைக் கொண்டாந்தவங்களை லேபுக்குள்ளயே உடக்கூடாதுங்க!"

"நீங்களே சொல்லிட்டீங்க. அப்படியே எழுதிக்கறேன்" என்ற சென்னை நிபுணர், மதுமதி பக்கம் திரும்பினார். "ஒண்ணு யாரோடதும்மா?"

மதுமதி பவ்யமாய்க் கை கட்டிக்கொண்டாள்.

"சாரோடதுங்க மேடம். பெரியவங்க பேருதானுங்களே முதல்ல வரோணும்?"