மூன்றாவது ரேம்

“அங்கிள், உங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா?”

தனேஷ் கடைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகக் கேட்டது இதைத்தான். கையிலிருந்த கம்ப்யூட்டர் ரேமைக் கண்ணாடி மேசைமேல் டொக்கென்று வைத்தான்.

தெங்கேராவில் திருச்செல்வத்தின் கம்ப்யூட்டர் கடை சின்னதுதான். பிரிண்டருக்கு மை வாங்க வந்த ஒரு சீன ஆன்ட்டியும், மகளுக்கு லேப்டாப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பமும் திரும்பிப் பார்த்தார்கள்.

“என்ன தம்பி ஆச்சு?”

“என்ன ஆச்சா? இந்த வருசத்துல மூணாவது லா இது! ஆன் பண்ணா பீப் பீப்னு கத்துது, திரை இருட்டா கெடக்கு. வயசானவங்க தனியா இருக்காங்க, எதக் குடுத்தாலும் வாங்கிட்டுப் போயிருவாங்கன்னு, யாரோ கழட்டிப் போட்டதையெல்லாம் தள்ளி விடுறீங்களா?”

அவன் கோபத்திலும் நியாயம் இருந்தது. அவன் அம்மா இந்திராதேவி தங்கா பத்து என்ற பக்கத்து ஊரில் ஒண்டியாக இருக்கிறார். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அக்கா கல்யாணமாகிப் பினாங்கில். தனேஷுக்கு வேலை கோலாலம்பூரில்.

கைப்பேசியில் அழைத்தால், “உன் மூஞ்சி பொட்டு மாதிரி தெரியுதுய்யா” என்பார் அம்மா. அவனைப் பெரிய திரையில் பார்க்கத்தான் அந்தக் கம்ப்யூட்டர். அது படுத்துவிட்டால் அந்த வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆளே இல்லை.

திருச்செல்வம் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரேமை எடுத்தார். அதன் தங்க நிற விளிம்பை வெள்ளை ரப்பரால் ஒருமுறை அழுத்தித் தேய்த்தார். ரப்பரில் ஒட்டிய கறுப்பைத் திருப்பிப் பார்த்தார். பிறகு தனேஷைப் பார்த்தார்.

“அம்மா சுகமா இருக்காங்களா?”

“அம்மா கத அப்புறம். சாமான் கதயச் சொல்லுங்க.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ரேமைக் கீழே வைத்தார்.

“சரக்கு சரியில்ல போல தம்பி. என் தப்புதான். வேற தர்றேன், காசு வேணாம்.”

லேப்டாப் பார்த்துக்கொண்டிருந்த குடும்பம் அதை அப்படியே வைத்துவிட்டு மெல்ல வெளியேறியது. அவர்கள் போவதைத் திருச்செல்வம் பார்த்துக்கொண்டே நின்றார். கூப்பிடவில்லை.

“இந்தத் தடவ நானே பாத்து எடுக்கிறேன்.”

தனேஷ் ரேமைப் பற்றி நெட்டில் படித்துவிட்டுத்தான் வந்திருந்தான். பெட்டியின் சீல் பிரிக்காமல் இருக்கிறதா, வீட்டிலிருக்கும் மதர்போர்டுக்கு ஒத்த வேகமா, ஆயுசுக்கும் வாரண்டி உண்டா என்று ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

“பொண்ணு பாக்கும்போதும் இப்படித்தான் பாப்பீங்களா தம்பி?” என்று சிரித்தார் திருச்செல்வம்.

“பொண்ணு பாக்குறப்ப கடைக்காரன நம்ப வேண்டியதில்ல அங்கிள்.”

அவர் சிரிப்பு நின்றது.

“இத நான் சும்மா விடமாட்டேன். உங்க கடையப் பத்தி நெட்ல எழுதத்தான் போறேன்.”

“எழுதுங்க தம்பி,” என்றார் மெதுவாக.

வீட்டுக்கு வந்து ரேமை மாட்டியதும் திரை பளிச்சென்று வந்துவிட்டது.

“வந்துருச்சாய்யா?” அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தார். “வெண்டிக்கா புளிக்கறி வச்சிருக்கேன். சாப்பிட்டுட்டு, படுத்து எந்திரிச்சு காலைல போயேன்.”

“காலைல ஓவர்டைம்மா. இப்பக் கெளம்பலன்னா ஹைவே ஜாம் ஆயிரும். இனிமே கவலையே வேணாம், இது லேசுல கெடாது. போய்ச் சேந்ததும் கூப்புடுறேன்.”

“சரிய்யா. அத அணைச்சிராத. ஆன்லயே இருக்கட்டும்.”

வாசலில் நின்று, கார் முனை திரும்பும்வரை கையாட்டினார்.

பெட்ரோல் ஸ்டேஷன் வரை போன பிறகுதான், பர்ஸைக் கம்ப்யூட்டர் மேசைமேலேயே விட்டுவிட்டது தெரிந்தது. சலித்துக்கொண்டே காரைத் திருப்பினான்.

கிரில் கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. உள்ளே கமகமவென்று சாம்பிராணி வாசம்.

சாமி மேடைக்குக் காட்டி முடித்த தூபக்காலோடு அம்மா கம்ப்யூட்டருக்கு முன்னால் குனிந்திருந்தார். மடித்த பேப்பரால் விசிறி விசிறி, முதலில் திரைக்கு. அப்புறம் கீழே இருந்த பெட்டிக்கு. பெட்டியின் காற்றாடி அத்தனை புகையையும் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

“அம்மா! என்ன பண்றீங்க? இந்தப் புகைதானே ரேம கெடுக்குது! அந்த அங்கிள் ஒங்ககிட்ட சொல்லலியா?”

அம்மா திடுக்கிட்டுத் திரும்பினார். திருடியவர்போல் முகம் வெளுத்தது.

“சொன்னாருய்யா. போன தடவையே சொன்னாரு. ஒனக்குத் தெரிஞ்சா நீ கோவிச்சுக்குவன்னு, நான்தான் சொல்லிராதீங்கன்னு கேட்டுக்கிட்டேன்.”

தனேஷுக்குக் கடை நினைவுக்கு வந்தது. அத்தனை பேர் முன்னால் அவ்வளவையும் வாங்கிக்கொண்டு, அந்த மனிதர் ‘என் தப்புதான்’ என்றாரே!

“அவர் சொல்லியும் ஏம்மா மறுபடி மறுபடி…?”

அம்மா தூபக்காலைக் கீழே வைக்கவில்லை.

“வெள்ளிக்கெழம சாம்பிராணி போட்டா வீட்ல இருக்கிற எல்லாருக்கும் காட்டணும்லய்யா. நீ இதுக்குள்ளதானே இருக்க.”